ஆயிரத்து இருநூறு வாய்கள்

பொம்மைத் தொழிற்சாலையின் முகப்பிரிவில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. கண் எழுதுகிறவள் கண்ணுக்காரி. புருவம் போடுகிறவள் புருவக்காரி. மூன்றாவது மேசையில் வாய் எழுதுகிறவளை வாய்க்காரி என்று கூப்பிடுவதில் மட்டும் எல்லோருக்கும் ஒரு ரகசியச் சிரிப்பு. எட்டு மணி நேர வேலையில் அவள் எட்டு வார்த்தை பேசினால் அதிகம். அதுவும் முகக்கவசத்துக்குள்ளிருந்து.

கவசம் எல்லோருக்கும் கொடுத்ததுதான். பெயிண்டைக் கரைக்கும் தின்னர் வாடை நுரையீரலுக்கு ஆகாது. மற்றவர்கள் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஊர்வம்பு பேசினார்கள். வாய்க்காரி கழற்ற மாட்டாள். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அட்டைப்பெட்டி அடுக்கும் அறைக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்றுவிட்டு வருவாள். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி, "இந்த அம்மாவைப் பாத்துக் கத்துக்கங்க" என்று சொல்லிப் படம் எடுக்க வைத்தார். நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிகிற அந்தப் படம் வாசலில் பாதுகாப்பு அறிவிப்பாகத் தொங்கியது.

பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் அவள் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் தானாக இடது ஓரத்தில் வழிந்தது. முகவாதம், மூன்று வாரத்தில் சரியாகும் என்றார் மருத்துவர். பாதி சரியானது. மீதிப் பாதி அப்படியே நின்றுவிட்டது. அவள் சிரித்தால் வலது பக்கம் சிரிக்கும். இடது பக்கம் சாவுச் செய்தி கேட்டதுபோல் இருக்கும். அப்போது அவள் மருந்துக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தாள். வந்தவர்கள் அவளைத் தாண்டி அடுத்த பெண்ணிடம் சீட்டை நீட்டத் தொடங்கினார்கள். "நீங்க உள்ள சரக்கு அறையில உக்காந்துக்கங்களேன், வெயிலும் படாது" என்றார் முதலாளி. நல்ல மனிதர். நல்லவர்கள்தான் இப்படி வெயிலைப் பற்றிக் கவலைப்படுவார்கள். ஒரு மாதத்தில் அவளாகவே நின்றுகொண்டாள்.

பொம்மைக்கு வாய் எழுதுவது பார்க்கச் சின்ன வேலை. தலையை மரக்கட்டையில் செருகி, மேலுதட்டுக்கு இரண்டு இழுப்பு, கீழுதட்டுக்கு ஒன்று, நடுவே மயிரிழைக் கோடு. கடைசியில் இரண்டு ஓரத்திலும் தூரிகை நுனியை மேல்நோக்கி ஒரு சுண்டு சுண்ட வேண்டும். அந்தச் சுண்டலில்தான் பொம்மைக்கு உயிர் வரும். பிறகு தலை சோதனை மேசைக்குப் போகும். அங்கே பாதி முகம் அச்சிட்ட ஒரு கண்ணாடித் தாள் இருக்கிறது. முதலில் வலது பக்கம் வைத்துப் பார்ப்பார்கள், பிறகு தாளைப் புரட்டி இடது பக்கம். ஒத்து வராத கன்னத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். வாய்க்காரியின் தட்டு பொட்டோடு திரும்பியதே இல்லை.

அந்த வருடம் 'புகழ்பெற்ற பெண்கள்' பொம்மை வரிசையில் ஒரு பெண் ஓவியர் வந்து சேர்ந்தார். சேகரிப்பவர்களுக்கான வரிசை அது. அரசிக்கும் விண்வெளிக்குப் போனவளுக்கும் நீச்சல்காரிக்கும் ஒரே அச்சில் வார்த்த தலைதான். முடியும் உடுப்பும் மாறும், மிச்சத்தைத் தூரிகை பார்த்துக்கொள்ளும். ஓவியர் செத்து நாற்பது வருடம் ஆகியிருந்தது. இருபத்தாறு வயதில் ஒரு காய்ச்சலில் முகத்தின் இடது பாதி தளர்ந்துபோனவர். அதற்குப் பிறகு எண்பது தடவைக்கு மேல் தன் முகத்தைத் தானே வரைந்திருக்கிறார். ஒன்றில்கூடப் பக்கவாட்டில் திரும்பவில்லை. விழுந்துபோன உதட்டோரத்தின் மேல்தான் வெளிச்சத்தை விழ வைத்திருந்தார். பொம்மைக்குச் சாயக் கறை படிந்த மேலங்கி, கையில் ஊசி அளவு தூரிகை, பாதத்தின் அடியில் எண். ஆயிரத்து இருநூறு பொம்மைகள் மட்டும்.

மாதிரிப் பிரிவில் ஆறு முறை எழுதிப் பார்த்தார்கள். உதட்டைச் சாய்த்தால் ஏளனம் செய்வதுபோல் வந்தது. இறக்கினால் அழப்போவதுபோல் வந்தது. கடைசியில் சூப்பர்வைசர் மூன்றாவது மேசைக்கு வந்து, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலைக்குச் சேர்த்த அன்று கவசம் இல்லாத அவள் முகத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் கேக்கறதே தப்புதான்."

"கண்ணாடி வேணும்" என்றாள் வாய்க்காரி. "அட்டைப்பெட்டி ரூமுக்குள்ள யாரும் வரக் கூடாது."

மூன்று நாள். மூக்குக்குக் கீழே தன் முகத்தை அவள் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது, அது கோணல் இல்லை. இழுத்துப் பிடிக்க ஆள் இல்லாத இடம், அவ்வளவுதான். ஒரு முனை அவிழ்ந்த கொடிக்கயிறு. எனவே அவள் எதையும் சாய்க்கவில்லை. இடது ஓரத்தில் கோட்டை மெல்லத் தளரவிட்டு, அந்தக் கடைசிச் சுண்டலை மட்டும் சுண்டாமல் தூரிகையை எடுத்துவிட்டாள். பொம்மை அவளைப் பார்த்தது. ஏளனமும் இல்லை, அழுகையும் இல்லை. ஒரு பெண் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதிரி தலைமை அலுவலகத்துக்குப் போனது. "யாரு எழுதினது? அந்தக் கையை விட்டுடாதீங்க" என்று டிசைனர் அம்மாள் போனிலேயே கத்தினார்.

இன்னும் இரண்டு பேருக்கு அவள் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. கவசத்தைக் கீழே இறக்கினாள். புருவக்காரிதான் முதலில் வாய் திறந்தாள்.

"அட போங்கக்கா! பல்லு எல்லாம் கொட்டிப் போச்சுன்னுல்ல இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன். இந்தக் கண்ணுக்காரிகிட்ட பந்தயம் வேற கட்டியிருக்கேன்."

வாய்க்காரி சிரித்தாள், பாதியாக. அன்றைக்கு அவளும் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

முதல் தட்டு அறுபது தலையும் இடது கன்னத்தில் சிவப்புப் பொட்டோடு திரும்பி வந்தன. சோதனை மேசைப் பெண்மணி கையைப் பிசைந்தாள். "வலதும் இடதும் ஒத்து வரலையே சார். பத்து வருஷமா இதைத்தானே பாக்கச் சொன்னீங்க?" சூப்பர்வைசர் கண்ணாடித் தாளைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினார். அப்போதுதான் அந்தப் பெண்மணி கவசம் இல்லாத வாய்க்காரியைப் பார்த்தாள். அறுபது பொட்டையும் தானே நகத்தால் சுரண்டி எடுத்துக் கொடுத்தாள்.

வாய்க்காரியின் கணவன் டயர்க் கடை வைத்திருந்தான். கையில் எப்போதும் ரப்பர் வாசம், வாயில் எப்போதும் கிண்டல்.

"உன் மூஞ்சியை ஆயிரத்து இருநூறு பேரு வாங்கப் போறாங்களா? எனக்கு ஒண்ணே தாங்கல."

"கடைத்தெருவுல பெரிய கண்ணாடி போட்ட கடையில வைப்பாங்களாம். வெச்ச அன்னிக்கு நான் கவசம் இல்லாம வரேன். நீங்களும் வாங்க."

"நான் எதுக்கு? யாரு பொம்மை, யாரு பொண்டாட்டின்னு அடையாளம் காட்டவா?"

அவள் பெரிதாக எதற்கும் ஆசைப்படவில்லை. அந்த வாய் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்க வேண்டும். போகிறவர்கள் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, இதுவும் ஒரு முகம் என்று தங்கள் பாட்டுக்குப் போய்விட வேண்டும். அதன் பிறகு அந்தத் தெருவில் அவளும் நடந்துகொள்வாள்.

முதல் முந்நூறு பொம்மைகள் கடைகளுக்குப் போயின. மூன்றாம் வாரம் திரும்பி வரத் தொடங்கின. ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு சீட்டு: பெயிண்ட் கோளாறு. வாய் சரியாக அச்சாகவில்லை. மாற்றித் தரவும். முகப்பில் கண்ணாடித் தாள் வைத்த பெட்டியைப் பிரிக்காமலே திருப்பியிருந்தார்கள். அந்த ஓவியங்களைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறவர்களும் பொம்மையைப் பார்த்ததும் தொழிற்சாலையின் தப்பு என்றுதான் நினைத்திருந்தார்கள்.

டிசைனர் அம்மாள் நேரில் வந்தார். எல்லா வாயையும் நேராக்குவது என்று முடிவாகிவிட்டது. ஓவியரின் அண்ணன் மகனும் சம்மதக் கடிதம் கொடுத்துவிட்டாராம். அத்தை இருந்திருந்தால் அழகாக இருப்பதைத்தான் விரும்பியிருப்பார் என்று எழுதியிருந்தாராம்.

வாய்க்காரி எழுந்தாள். முகப்பிரிவே திரும்பிப் பார்த்தது.

"பெட்டியில ஒரு வரி போட்டா போதாதாம்மா? அவங்க முகமே இப்படித்தான்னு?"

"பெட்டி அச்சாயிடுச்சும்மா."

"ஒரு சீட்டு எழுதி உள்ள வெக்கலாம். நானே எழுதறேன். ஆயிரத்து இருநூறும் நானே எழுதறேன்."

டிசைனர் அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கெட்டவர் இல்லை. "உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. நீங்க ரொம்ப நல்லாவே எழுதிட்டீங்க. ஆனா அலமாரியில வெச்சு அழகு பாக்கறதுக்குத்தானே வாங்கறாங்க? தினமும் பாக்கணும்ல?"

தினமும் பார்க்கணும்ல. வாய்க்காரி உட்கார்ந்தாள். கவசத்தை மேலே ஏற்றிக்கொண்டாள்.

சூப்பர்வைசர் அலமாரியைத் திறந்து கண்ணாடித் தாளை எடுத்துச் சோதனை மேசையில் கொண்டுபோய் வைத்தார். உதவிக்கு இருந்த இருவரையும் வேறு பொம்மைக்கு அனுப்பிவிட்டார்கள். திருத்துவதற்கு ஒருத்தி போதும். பஞ்சுக் குச்சியைத் தின்னரில் நனைத்து, வாயின் இடதுபுறம் மூன்றில் ஒரு பங்கைத் துடைக்க வேண்டும். காயவிட்டுக் கோட்டை ஏற்றி இழுக்க வேண்டும். சுண்ட வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றிருபது. அவள் கை பொன்னான கை; ஒன்றுகூடப் பொட்டோடு திரும்பவில்லை. புருவக்காரி சாப்பாட்டு நேரத்தில், "வாங்கக்கா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். இரண்டாம் நாள் கூப்பிட்டாள், மூன்றாம் நாள் கூப்பிட்டாள். பிறகு அவளுக்கும் பசிக்கும் அல்லவா.

ஆறாம் நாள் மாலை சூப்பர்வைசர் துடைக்காத பொம்மை ஒன்றை எடுத்து அவள் பைக்குள் தானே செருகினார். "ஒண்ணு உங்களுக்குன்னு இருக்கட்டும்மா. கேட்டா ஒண்ணு உடைஞ்சு போச்சுன்னு சொல்லிக்கறேன்."

வீட்டில் அவள் அதை மேசைமேல் வைத்தாள். நடந்ததையெல்லாம் கணவனுக்குத் தினமும் சொல்லியிருந்தாள். அவன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினான்.

"அடடா. சாட்சாத் நீயேதான். கையில தூரிகை வேற. இனிமே நான் ரெண்டு பேர்கிட்ட திட்டு வாங்கணும்."

"போதும், வைங்க."

"எவனோ வாங்கலைன்னா போறான். நம்ம வீட்டு ராணி இது. நடுவுல வெக்கறேன் பாரு."

கண்ணாடி அலமாரியில் தட்டுகளை ஒதுக்கி நடுவில் நிறுத்தினான். ஓரடி பின்னால் வந்து பார்த்தான். திரும்பப் போய்த் தலையைப் பிடித்து ஒரு விரற்கடை திருப்பினான். பார்த்தான். இன்னொரு விரற்கடை. இடது கன்னம் அலமாரியின் நிழலுக்குள் போனது. நல்ல பக்கம் அறையைப் பார்த்துச் சிரித்தது.

"இப்பத்தான் நல்லா இருக்கு" என்றான் மனநிறைவோடு.

"எதுக்குத் திருப்பினீங்க?"

"திருப்பினேனா?"

அவன் பொய் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்தது, அவனுக்குத் தெரியவே தெரியாது. கையை மீண்டும் துடைத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். வலது பக்கம். பேருந்திலும் வலது பக்கம்தான். சினிமாக் கொட்டகையில் இருக்கை மாறி உட்காருவான், முன்னால் தலை மறைக்கிறது என்பான். படுக்கையில் சுவரோரம் அவள் போகக் கூடாது, காற்று வராது என்பான். பதினோரு வருடத்தில் அவள் இடது தோளில் அவன் தோள் உரசிய ஒரு நாளை அவள் தேடிப் பார்த்தாள். பாசக்காரன். அவளுக்குக் காய்ச்சல் என்றால் கடையை மூடிவிட்டு வருகிறவன். வேறு யாராவது என்றால் அவள் கோபித்துக்கொண்டிருக்கலாம்.

"என்ன யோசனை?" என்றான்.

"ஒண்ணும் இல்ல. சாப்பிடலாமா?"

மறுநாள் காலை அவன் எழுவதற்கு முன் அலமாரியைத் திறந்து பொம்மையை எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டாள். இன்னும் நான்கு நாள் வேலை மிச்சம் இருந்தது. தன் மேசையில் உட்கார்ந்து முதலில் அதன் தலையைத்தான் கழற்றிக் கட்டையில் செருகினாள். பஞ்சுக் குச்சியை நனைத்தாள். துடைத்தாள், காயவிட்டாள், கோட்டை ஏற்றினாள், சுண்டினாள்.

சோதனை மேசைப் பெண்மணி கண்ணாடித் தாளை வலது பக்கம் வைத்துப் பார்த்தாள். புரட்டி இடது பக்கம் வைத்துப் பார்த்தாள்.

"சரியா இருக்குக்கா" என்றாள்.