இரண்டு ஸ்பிரிங் குறைந்த கிளட்ச்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரிகள் சற்றுக் குறைவாக இருக்கும். அந்த நேரம் பார்த்து நாங்கள் மூன்று பேரும் எங்கள் பழைய பைக்குகளைக் குட்டியானை வேனில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டி, மணிமங்கலம் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு கல்குவாரிக்குப் போவோம். கல் வெட்டுவதை நிறுத்திப் பல வருடமான குவாரி. உரிமையாளரிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறோம். முதல் தடவை கூடவே வந்து பார்த்தவர், இவ்வளவு மெதுவாக ஓட்டுவதற்கா இவ்வளவு தூரம் வருகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். அப்புறம் வரவில்லை.

அவர் கேட்டதில் தவறில்லை. ட்ரயல்ஸ் என்கிற இந்த ஓட்டத்தில் வேகத்துக்கு மதிப்பே கிடையாது. பாறைகளுக்கும் பள்ளங்களுக்கும் இடையே ரிப்பன் கட்டி ஒரு வழி அமைப்போம். அந்த வழியை, வண்டி மேல் நின்றபடி, காலைத் தரையில் வைக்காமல் கடக்க வேண்டும். ஒரு தடவை கால் வைத்தால் ஒரு புள்ளி, இரண்டு தடவைக்கு இரண்டு, அதற்கு மேல் எத்தனை வைத்தாலும் மூன்று. இன்ஜின் நின்றுபோனாலோ வண்டி விழுந்தாலோ ஐந்து. குறைந்த புள்ளி வாங்கியவர் ஜெயித்தவர். ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் பாறை ஓரமாக நின்று எண்ணி, முடிந்ததும் விரல் காட்டுவார். மூடிய கை என்றால் ஒரு தடவைகூடக் கால் படவில்லை, சுத்தம். விரலைப் பார்த்ததும் ஓட்டியவர் சண்டைக்கு வருவார். அது எங்கள் வழக்கம். வாதாடாமல் விரலை ஏற்றுக்கொண்டவர் எங்களில் யாரும் இல்லை.

நான் ஒரு தொழிற்சாலையில் அளவுப் பரிசோதனை அறையில் இருக்கிறேன். பாகங்களை அளந்து இது சரி, இது ஆகாது என்று பிரிப்பது வேலை. அதனால் மற்ற இருவருக்கும் நான் இன்ஸ்பெக்டர். இன்னொருவர் செம்பரம்பாக்கத்துக்காரர், சொந்தமாகத் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். மூத்தவர் மண்ணூர்க்காரர். அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கார் பாகங்கள் பூட்டும் லைனில், நட்டு முடுக்கும் ஏர் கன்னைப் பிடித்தே வருடங்களைக் கழித்தவர். போன வருடம் அவரை லைனிலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். வயது ஆகிறதில்லையா, அதனால்தான் என்று அவரே சொன்னார். நாங்களும் அதற்கு மேல் கேட்கவில்லை.

என்னுடையதும் லாரிக்காரருடையதும் உள்ளூரில் ஓடிய பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகள். சீட்டைக் கழற்றி, ஹேண்டில்பாரை உயர்த்தி, பின் சக்கரத்துப் பல்சக்கரத்தைப் பெரிதாக்கி நாங்களே ட்ரயல்ஸுக்குத் தோதாக மாற்றியவை. அண்ணனுடையதுதான் உண்மையான ட்ரயல்ஸ் வண்டி. நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வெளிநாட்டில் செய்தது. இந்தப் பக்கம் வேலை பார்த்த ஒரு வெளிநாட்டு இன்ஜினியர் ஊர் திரும்பும்போது அண்ணனுக்கு விற்றுவிட்டுப் போனார். ஆளைவிட மெலிந்த வண்டி. டேங்க் ஒரு சொம்பு அளவுதான் இருக்கும். அதற்குப் பாகம் எங்கும் கிடைக்காது. கேஸ்கட்டை அட்டை வாங்கி வெட்டிக்கொள்வோம், கேபிளை அளவு கொடுத்துச் செய்துகொள்வோம். குவாரியிலிருந்து வந்ததும் அவர் தன் வண்டியைத் தானே கழுவி, ஏர் ஃபில்டரின் ஸ்பாஞ்சை மண்ணெண்ணெயில் அலசி, பிழிந்து, எண்ணெய் தடவிக் காயவைப்பார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

மழைக்காலம் முடிந்ததிலிருந்து அந்த வண்டி மேட்டில் ஏறவில்லை. இன்ஜின் அலறும், சக்கரம் சுற்றாது. கிளட்ச் வழுக்குகிறது என்பது சத்தத்திலேயே தெரியும். பிளேட்டு தேய்ந்திருக்கும், திறந்து பார்க்கலாம் என்று நான் இரண்டு தடவை சொன்னேன். பார்க்கலாம் பார்க்கலாம் என்றார். பார்க்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பாறை நடுவில் நின்று நின்று, காலை ஊன்றி ஊன்றி வெளியே வந்தார். லாரிக்காரர்தான் பெரும்பாலும் அவருக்கு எண்ணுகிறவர். நான்கு தடவை கால் பட்டிருக்கும், அவர் ஒரு விரலைக் காட்டுவார். நானும் பார்த்தேன். நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன். அண்ணன் அந்த விரலைப் பார்த்துவிட்டு, சண்டைக்கு வராமல், வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார்.

பிறகு ஒரு நாள் அவர் மனைவி எனக்குப் போன் செய்தார். வண்டியை விற்கப் போகிறாராம், பெங்களூரிலிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம், வரும் ஞாயிறு முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டாராம். "அவரு ஷிப்டுல கீறாரு தம்பி. நீங்க வந்து அந்த கிளட்ச இன்னான்னு பாருங்க. அது சரியாச்சின்னா மனசு மாறுவாரு" என்றார். அவர் வண்டியை அவர் இல்லாதபோது திறப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதை அண்ணியிடம் சொன்னேன். வண்டி போய்விட்டால் அதற்கப்புறம் யாரைக் கேட்டுத் திறப்பீர்கள் என்று கேட்டார். டூல்ஸை எடுத்துக்கொண்டு மண்ணூருக்குப் போனேன்.

வீட்டின் பின்பக்கம் தகரம் போட்ட சார்ப்பில் வண்டி நின்றது. துடைத்து வைத்திருந்தார். கியர் ஆயிலை வடித்துவிட்டு, பக்க மூடியைக் கழற்றினேன். கிளட்ச் முகத்தில் வட்டமாக ஆறு குழிகள் உண்டு. ஒவ்வொரு குழியிலும் ஒரு ஸ்பிரிங் இருந்து பிளேட்டுகளை இறுக்கிப் பிடிக்கும். நான்கில்தான் ஸ்பிரிங் இருந்தது. எதிரெதிராக இருந்த இரண்டு குழிகளில் வாஷர் அடுக்கி, போல்ட் மட்டும் முடுக்கியிருந்தது.

தெரியாதவன் கை வைத்திருந்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டை எடுத்திருப்பான், பிளேட்டு சாய்ந்திருக்கும். இது யோசித்துச் செய்த வேலை. பிளேட்டுகளை வெளியே எடுத்து வெர்னியர் அளவுகோலில் அளந்தேன். தேய்மானமே இல்லை. ஸ்பிரிங்கைக் குறைத்தால் ஒரு பலன்தான் உண்டு. கிளட்ச் லீவரைப் பிடிப்பது லேசாகும். அவ்வளவு லேசாக இருக்கவேண்டிய தேவை யாருக்கு என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அண்ணி டீயோடு வந்தார். இன்னொரு கையில் ஒரு ஊறுகாய் பாட்டில். உள்ளே எண்ணெயில் இரண்டு ஸ்பிரிங்குகள்.

"இத்ததான தேடிகினு கீறீங்க?" என்றார்.

அவரிடமிருந்துதான் எல்லாம் தெரிந்தது. அண்ணனுக்கு இடது கை மரத்துப்போகிறது. மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்தாலும் பழைய பலம் முழுக்க வரும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லைனிலிருந்து மாற்றியது வயதுக்காக அல்ல. தம்ளரைக் கீழே போடுகிறார். காலையில் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது அண்ணி. "யாருக்கும் தெரியக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு. நானும் சொல்லல. நீங்களேதான் தொறந்து பாத்தீங்க" என்றார்.

எங்கள் ஓட்டத்தில் இடது கைதான் எல்லாம். ஒவ்வொரு பாறைக்கும் கிளட்சைப் பிடித்து, இன்ஜினை ஏற்றி, சரியான கணத்தில் விடவேண்டும். ஒரு வழியைக் கடப்பதற்குள் எத்தனை தடவை பிடித்து விடுகிறோம் என்று சொல்ல முடியாது. ஸ்பிரிங் முழுக்க இருந்தால் அவர் கை தாங்காது. எடுத்தால் வண்டி ஏறாது. மழைக்காலம் முடிந்ததிலிருந்து அவர் இந்த இரண்டுக்கும் நடுவில் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

மூடியைத் திரும்பப் பூட்டாமல் உட்கார்ந்திருந்தேன். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி வந்த அண்ணன், சார்ப்பு வாசலில் நின்று வண்டியையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணி உள்ளே போய்விட்டார்.

"உன்ன யாரு கேட்டா?" என்றார்.

அவர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். இடது கையை வலது கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"கை போச்சின்னா போவுது இன்ஸ்பெக்டரு. அதுக்கு நா அழல. நாலு வாட்டி கால் வெக்கறன். அவன் ஒரு வெரல் காட்றான். நீ பாத்துகினு நிக்கற. எங்க வெச்சன், எத்தினி வாட்டி வெச்சன்னு எனக்குத் தெரியாதா? என்னோட சண்ட போட்டு எவ்ளோ நாளாச்சி நீங்க? பாவம்னு வுட்டுட்டீங்க. அப்பால இன்னாத்துக்கு வண்டி?"

அவர் கையைப் பற்றி லாரிக்காரருக்குத் தெரியாது என்றேன். ஏதோ சரியில்லை என்று தெரிந்திருக்கிறது இல்லையா, அது போதும் என்றார்.

அதன்பின் நான் வேலையைப் பற்றி மட்டும் பேசினேன். எனக்கு வருவது அதுதான். கேபிள் போய் இழுக்கிற கிளட்ச் ஆர்ம் நீளமானால் அதே ஸ்பிரிங்கை இழுக்கக் குறைவான பலம் போதும். கேபிளின் நெளிவையும் குறைத்து, உள்ளே வழவழப்புக் குழாய் வைத்ததாகப் போடலாம். ஆனால் ஆர்ம் நீளமானால் கிளட்ச் முழுசாக விடாது. நின்ற இடத்தில் நியூட்ரல் விழாமல் படுத்தும். இதைச் சொல்லி, செய்யட்டுமா என்று கேட்டேன். அவர் அந்தக் கிளட்ச் ஆர்மைக் கையில் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். செய் என்று சொல்லவில்லை. அது வெல்டிங் தாங்குமா என்று கேட்டார்.

தாங்கியது. ஒரகடத்தில் எனக்குப் பழக்கமான வெல்டிங் கடையில் அதே கனத் தகட்டை ஒட்டவைத்து, அரம் போட்டு ராவினேன். ஸ்பிரிங்குகளை அவரே ஊறுகாய் பாட்டிலிலிருந்து எடுத்து அவரே குழியில் வைத்தார். போல்ட் முடுக்குவது மட்டும் நான். அண்ணி மீன்காரரிடமிருந்து ஒரு கொக்கித் தராசை வாங்கி வந்தார். லீவர் நுனியில் மாட்டி இழுத்துப் பார்த்தோம். என் கணக்குப்படி, முன்பு ஆறு ஸ்பிரிங்கோடு இருந்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அண்ணன் லீவரை ஒரு விரலால் பிடித்து விட்டார், மறுபடி பிடித்து விட்டார். பெங்களூர்க்காரரிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுவதாகச் சொன்னது சொன்னதுதான் என்றார்.

அந்த ஞாயிறு அண்ணியும் டிபன் கேரியரோடு குட்டியானையில் முன்னால் ஏறிக்கொண்டார். வழியில் லாரிக்காரரிடம் கையைப் பற்றி அண்ணனே சொன்னார், வெளியே பார்த்துக்கொண்டே, கியர் ஆயில் மாற்றியதைச் சொல்கிற தொனியில். லாரிக்காரர் திரும்பி அவர் இடது கையைப் பார்த்தார். பிறகு, "அத்தினி பாறயும் அந்தக் கையிலயா ஏறின? நாங்க ரெண்டு கையி வெச்சிகினே விழுந்துகினு கெடக்கறோம்" என்றார். அண்ணன் அதற்குச் சிரித்துவிட்டார்.

குவாரியில் ஒரு படிக்கட்டுப் பாறை உண்டு. இடுப்பு உயரத்துக்கு ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று அடுக்கு, முடிவில் இடது பக்கம் சாய்ந்த ஒரு திருப்பம். அந்தக் கடைசி ரிப்பனைச் சுத்தமாகத் தாண்டுவது எங்களில் யாருக்கும் அடிக்கடி நடக்காது. அண்ணன் வண்டியை அதன் அடியில் நிறுத்திவிட்டு லாரிக்காரரைப் பார்த்தார். "நீ வாணாம். இன்ஸ்பெக்டரு நிக்கட்டும்" என்றார்.

நான் போய் மேல் திருப்பத்தில் நின்றேன். அண்ணியும் லாரிக்காரரும் கீழே. அண்ணன் ஏறி நின்றார். முதல் அடுக்கில் கிளட்ச் பிடித்தது, விட்டது, முன் சக்கரம் எழும்பி ஏறியது. இரண்டாவதில் இன்ஜின் சத்தம் ஏறியபோது சக்கரமும் ஏறியது. மாதக்கணக்கில் கேட்காத சத்தம் அது. இன்ஜின் முக்கிற அளவுக்கு வண்டியும் நகர்ந்தது. மூன்றாவதில் ஒரு நொடி அப்படியே நின்று, உடம்பைச் சாய்த்து, ஏறிவிட்டார். திருப்பத்தில், கடைசி ரிப்பனுக்குச் சற்று முன்னால், அவர் இடது பூட்ஸின் நுனி பாறையில் பட்டது. ஊன்றவில்லை. பட்டது. அடுத்த கணம் வெளியே வந்துவிட்டார்.

கீழேயிருந்து லாரிக்காரர் சுத்தம் சுத்தம் என்று கத்திக்கொண்டு மூடிய கையைத் தூக்கினார். அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் ஒரு விரலைக் காட்டினேன்.

"இன்னா ஒண்ணு? எங்க வெச்சன்?" என்றார்.

பூட்ஸ் பட்ட இடத்தைத் தொட்டுக் காட்டினேன். பாறையில் கறுப்பாக ஒரு கோடு இருந்தது.

"யோவ், அது ஒரசிச்சிய்யா. ஒரசறதும் வெக்கறதும் ஒண்ணா? கம்பெனிலயும் இப்படித்தான் நல்ல பீஸெல்லாம் தூக்கிக் கடாசறியா நீ?"

உரசினாலும் கால் கால்தான் என்றேன். விதியை யார் எழுதியது என்று கேட்டார். அந்தக் கோடு போன வாரத்து லாரிக்காரர் பூட்ஸ் கோடு என்றார். லாரிக்காரர் கீழேயிருந்து தான் பழுப்பு பூட்ஸ்தான் போடுவதாகக் குரல் கொடுத்தார். நீ வாயை மூடு, நீயெல்லாம் ஒரு எண்ணுற ஆளா என்று அவருக்கும் விழுந்தது. அண்ணன் வண்டியை நியூட்ரலுக்குக் கொண்டுவரப் பார்த்தார். விழவில்லை. இரண்டு தடவை மிதித்துவிட்டு, கிளட்ச் ஆர்மைச் செய்தவனைத் திட்டினார். அதாவது என்னை. கடைசியில் இன்ஜினை அணைத்து, பாறையைச் சுற்றி வண்டியைக் கீழே தள்ளிக்கொண்டு போனார்.

"அங்கயே நில்லு. அந்தக் கல்லாண்டயே. எங்கயும் போவாத" என்று போகிறபோக்கில் எனக்கு உத்தரவு வந்தது.

அவர் உதைத்து ஸ்டார்ட் செய்யும்போது அண்ணியின் மடியில் அண்ணனின் போன் அடித்தது. பெங்களூர்க்காரர்தான் என்பது அண்ணி முகத்தில் தெரிந்தது. எடுத்துக் காதில் வைத்து, மறு காதைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அவரு வண்டில கீறாருப்பா," என்றார். "எறங்கட்டும், சொல்றேன்."