மழைக்காலத்தில் மணந்த முழங்கால்

காத்துப்பிடி என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் தங்கை வாயால். தன் மகளுக்கு வரன் வந்திருக்கிறது என்று மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“மாப்பிள்ளை என்னடி பண்றான்?”

“காட்டுல காத்துப் பிடிக்கிறாராம்க்கா. ஊர்ல பேரே காத்துப்பிடிதானாம். மாசச் சம்பளம்.”

“சும்மா கிடக்கிற காத்தைப் பிடிக்கச் சம்பளமா? அப்போ உன் புருஷனுக்குப் பென்ஷனே கொடுக்கணுமேடி!”

எங்கள் வம்சத்தில் புதையல் தோண்டினவர் உண்டு. இரண்டு பெண்டாட்டி கட்டி இருவரிடமும் அடி வாங்கின பெரியப்பா உண்டு. காற்றுப் பிடித்தவர் கிடையாது. ஆனாலும் கல்யாணம் நடந்தது.

வேலை பிறகுதான் விளங்கியது. மரங்கள் இலை வழியாகக் கண்ணுக்குத் தெரியாத ஆவிகளை விடுமாம். வெயிலில் எவ்வளவு, மழையில் எவ்வளவு என்று ஓர் ஆய்வு நிலையம் கணக்கெடுத்தது. காட்டு நடுவே மர உச்சிக்கும் மேலே போகும் இரும்புக் கோபுரம். மாப்பிள்ளை அதில் ஏறி, ஒரு கிளையைக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டி, குட்டிப் பம்பால் அந்தக் காற்றை விரல் நீளக் குழாயில் இழுத்து அடைத்து வருவார். குழாயில் என்ன இருக்கிறது என்று நிலையத்து இயந்திரம் கோடு போட்டுக் காட்டும்.

“மரமும் நம்மளை மாதிரிதான் அத்தை. வெயில் ஏறினா புழுங்கித் தள்ளும், மழையில அடங்கிடும்” என்பார்.

ஐந்து வருஷம் அப்படித்தான் இருந்தது. ஆறாம் வருஷம் மழையில் ஒரு ஆவியின் அளவு மட்டும் அடங்காமல் ஏறியது. ஏழாம் வருஷமும் ஏறியது. நிலையத்தின் தலைவி, ஊசி போடத் தெரியாத டாக்டரம்மா, சந்தோஷத்தில் தரையில் நிற்கவில்லை. பெரிய கூட்டத்தில் படிக்கக் கட்டுரையே எழுதிவிட்டார்.

அதை இவர் பெருமையாக வீட்டில் வந்து சொன்னபோது, என் தங்கை மகள் அவருடைய வேலைக் கால்சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. முகர்ந்து பார்த்தாள்.

“ஏங்க, என்ன ஆவின்னு சொன்னாங்க?”

“ஊசியிலை மரத்துல வர்றதாம். நம்ம காட்டுல ஒரு ஊசியிலை மரம்கூட இல்லையே, அதான் அதிசயம்!”

அவள் உள்ளே போய்த் தைலப் புட்டியை எடுத்து வந்தாள். மேலே ஊசியிலை மரத்தின் படம். மழை வந்தால் அவருக்கு முட்டி வலி. இரண்டு வருஷமாகத் தேய்த்துக்கொண்டு ஏறியிருக்கிறார். முட்டியை மடித்து உட்கார்ந்துதான் பையைக் கட்டுவது. நிலையத்தில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. முட்டி கெட்டவனைக் கோபுரத்தில் ஏற்றுவார்களா?

மனிதருக்கு முகம் சுண்டியது. “நான் வாயைத் திறந்தா வேலை போச்சு.”

“திறக்கலைன்னா அந்தம்மா உங்க முட்டியை ஊர் ஊரா கொண்டு போய்க் காட்டும்.”

வீட்டுக்கு மூத்தவள் என்று என்னிடம் நியாயம் கேட்க வந்தார்கள். நான் ஒன்றும் யோக்கியம் பேசவில்லை. “பேசாம இருங்க மாப்பிள்ளை. காடு வந்து சாட்சி சொல்லப்போகுதா?” என்றேன்.

மூன்று நாள் அப்படியே இருந்தார். நாலாம் நாள் மனம் கேட்காமல் புட்டியைக் கொண்டுபோய் டாக்டரம்மா மேஜையில் வைத்தார். இயந்திரத்துக்கு அதைக் காட்டினார்கள். அதே கோடு எழும்பியது.

அந்தம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். “ரெண்டு வருஷமா உங்க முட்டியையா நான் ஆராய்ச்சி பண்ணினேன்?”

“ரெண்டு முட்டியும்மா.”

கட்டுரை குப்பைக்குப் போனது. இவரைக் கோபுரத்திலிருந்து இறக்கினார்கள். வெளியே அனுப்பத்தான் அந்தம்மாவுக்கு மனம் வரவில்லை. இவர் ஒளித்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும் என்றாராம். அடுத்த மழையில் வேறொரு ஆள் ஏறினான். அந்த ஆவி இருந்த இடமே தெரியவில்லை.

இப்போது அவர் கோபுரத்தின் அடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஏற வருகிறவர்களின் தலை, கழுத்து, முட்டி எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்துத்தான் மேலே விடுகிறார். டாக்டரம்மாவையே இரண்டு தடவை குளித்துவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்.