ஆடி கழியட்டும் என்றார்கள்

சந்திரலேகாவை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அவள்மேல் அல்ல. அவளைச் சுற்றி நின்று ஆளாளுக்கு யோசனை சொன்னோமே, எங்கள் எல்லார்மேலும்தான்.

தருமபுரத்தில் நான் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அவள் இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தாள். கீழவாஞ்சூரில் நிலக்கரி லாரி எடைமேடையில் ரசீது போடும் வேலை. சாயங்காலம் வந்து முகத்தைத் துடைத்தால் கைக்குட்டை கறுத்துப்போகும். புருஷன் நெஞ்சுவலியில் போனபோது மகள் கவியாவுக்கு ஆறு வயது. அதிலிருந்து ஒருத்தரிடமும் கை நீட்டாமல் வளர்த்தாள். டிரைவர்கள் குரலை உயர்த்தினால் இவள் அதற்கு மேல் உயர்த்துவாள். வீட்டிலோ மகள் சொன்னதுதான் சட்டம். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே ஒரே தட்டில் சாப்பிடுவார்கள்.

நாற்பத்தொரு வயதில் அவளுக்கு ஒரு வரன் வந்தது. கதிரவன் இந்த ஊர்க்காரர்தான். இருபது வருஷமாக அமெரிக்காவில் இருந்து அங்கேயே குடியுரிமையும் வாங்கியவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. சந்திரலேகா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"எம்பொண்ணு இல்லாம நான் எங்கயும் வரமாட்டேங்க."

"பாப்பாவ விட்டுட்டு வரச்சொல்லி யாரு கேட்டா? ரெண்டு பேருக்கும் விசாவுக்கு நானே மனு போடுறேன்" என்றார் அவர்.

ஆனி மாசக் கடைசியில் லீவு போட்டு வந்து இறங்கினார். இரண்டே நாளில் கோயிலில் தாலி கட்டிப் பதிவு பண்ணிவிடலாம் என்றார். அப்போதே கட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. சந்திரலேகாவின் அண்ணன் நீலமேகம் குறுக்கே விழுந்தார்.

"இருக்குற ரெண்டு நாளும் நல்ல நாளு இல்ல மாப்ள. அதுக்கப்பறம் ஆடி. ஏற்கெனவே ஒருத்தன பறிகுடுத்தவ. இதயாச்சும் நல்லபடியா செய்வோம். ஆடி கழியட்டும்."

அவர் கண் கலங்கிச் சொன்னதால் கதிரவனும் லீவை நீட்டித்துக்கொண்டார். சந்திரலேகாவுக்கு மட்டும் மனசு உறுத்தியிருக்கிறது. கடைக்கு வந்து கேட்டாள்.

"பாப்பாவுக்கு ஆகஸ்ட் நாலோட பதினெட்டு முடியுதுக்கா. அதுனால சிக்கல் ஏதும் வருமா?"

பிரான்சு பென்ஷன் காகிதம் நகலெடுக்க வந்திருந்த நூர் அகமது பாய், கேட்காமலே பதில் சொன்னார். "இருவத்தொண்ணு வரைக்கும் புள்ளதாம்மா. எங்க மச்சான் பிரான்சுக்கு அப்புடித்தான் கூட்டிட்டுப் போனாரு."

எங்கள் ஊருக்கே உள்ள வியாதி இது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர், தெருவுக்கு நாலு பேர் பிரான்சில் இருப்பதால் உலகத்து விசா எல்லாம் எங்களுக்கு அத்துப்படி! நானும் தலையாட்டித் தொலைத்தேன். "அதான் பாய் சொல்றாருல்ல. ஒரு மாசத்துல என்னடி கெட்டுப்போவப்போவுது?" என்றேன். என் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும்.

ஆவணி ஏழாம் தேதி கல்யாணம் நடந்தது. கவியா பந்தியில் ஓடி ஓடிப் பாயசம் ஊற்றினாள். கதிரவனை அன்றே அப்பா என்று கூப்பிட்டுவிட்டாள். அவர் அமெரிக்காவுக்குத் திரும்பி, அப்புறம்தான் ஒரு வக்கீலைப் பார்த்தார். மனைவிக்கு மனு போடலாம். மனைவியின் பிள்ளைக்குப் போட வேண்டுமானால், அந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு முடியும் முன்பே கல்யாணம் நடந்திருக்க வேண்டுமாம். பத்தொன்பது நாள் தாண்டிவிட்டது.

"இத மொதல்லயே ஒரு வக்கீல்ட்ட கேக்க மாட்டீங்களா?" என் கடையில் நின்றுதான் போனில் கத்தினாள்.

"தெரியாமப் போச்சு சந்திரா. தப்புதான்" என்றார். இருபது வருஷம் அங்கேயே இருந்த மனுஷனுக்குத் தெரியாமல் போச்சாம்!

நீலமேகம் அதற்கும் ஒரு வழி கொண்டுவந்தார். "ஆனி தேதி போட்டு வேற பத்திரிகை அடிச்சிருவோம். சர்ட்டிபிகேட்டுக்கும் ஆள் இருக்கு."

"பொய்க் காயிதம் குடுத்து மாட்டுனா, எம்பொண்ணு ஆயுசுக்கும் அந்தப் பக்கம் போவ முடியாது. நீ செஞ்ச நல்லது போதும்ண்ணே" என்றாள் சந்திரலேகா.

மிச்சம் இருந்தது ஒரே வழி. இவள் மட்டும் போய், அங்கே நிரந்தரமாகத் தங்கும் அட்டை வாங்கி, தாயாக மகளுக்கு மனு போட வேண்டும். வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை மகள் கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கூடாது. மகளைக் கூட்டிக்கொள்ள மகளையே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றால் இது என்ன நியாயம்? விசா பாரத்தை அவள் இரண்டு தரம் என் கடையிலேயே கிழித்துப் போட்டாள். நான் மூன்றாம் தரம் பிரிண்ட் எடுத்தேன். கவியாதான் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போட வைத்தாள்.

"நீ போனாத்தானேம்மா மனு போட முடியும்? இங்க உக்காந்து அழுதா வருஷம் கூடத்தான் செய்யும்."

ஒன்றரை வருஷம் கழித்துத் தை மாசம் விசா வந்தது, பங்குனியில் கிளம்பினாள். சென்னை விமான நிலையத்தில் அவள் அழுத அழுகையில் காவல்காரரே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கவியா அழவில்லை. இப்போது என் வீட்டு மாடியில் தங்கிக் கல்லூரிக்குப் போகிறாள். அட்டை கைக்கு வந்த வாரமே சந்திரலேகா மனுவும் போட்டுவிட்டாள். ஊர் என்ன சொல்கிறது தெரியுமா? ரெண்டாம் புருஷன் கிடைத்ததும் பெண்ணை விட்டுவிட்டு ஓடிவிட்டாளாம். கேட்டால் வயிறு எரிகிறது.

போன வாரம் நீலமேகம் ஒரு போட்டோவோடு வந்தார். நான் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன்.

"பையன் நாகப்பட்டினத்துல வேலையா இருக்கான். நல்ல எடம். வர்ற ஆவணியிலயே முடிச்சிருவோம் பாப்பா."

"கல்யாணம் பண்ணுனா அம்மா போட்ட மனு செத்துப்போயிரும் மாமா. தெரியுமா, தெரியாதா?"

"அதுக்காவ வயசுப் பொண்ண எத்தன வருஷம் தனியா வச்சிருக்குறது?"

"அம்மாவுக்கு நீங்கதான் நாள் பாத்தீங்க. நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு நாட்டுல கெடக்குறோம். எனக்கு நீங்க எதுவும் பாக்க வேணாம், போங்க மாமா."

நீலமேகம் காப்பியைத் தொடவில்லை. போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். கவியா கதவைச் சாத்திவிட்டு வந்து, அப்படியே தரையில் உட்கார்ந்து என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"எனக்கு எங்கம்மா வேணும் அத்த" என்றாள்.