ஏரிக்கரையில் தற்செயலாக

பெண் பார்க்க வீட்டுக்கு வந்து, பிறகு சரிவராமல் போனால் ஊரெல்லாம் கதை. கோயிலில் பார்ப்பதென்றால் இன்னும் மோசம். அதனால் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை ஞாயிறு, ரொறன்ரோ ஏரிக்கரையில் பழைய சரக்குப் பாய்க்கப்பல்கள் போட்டி ஓடுகிற இடத்தில், இரு வீட்டாரும் தற்செயலாகச் சந்திப்பதென்று ஏற்பாடு. அப்பா எனக்கு வாக்குத் தந்திருந்தார்: "இந்த முறை ஓமோ இல்லையோ, நீதான் சொல்லவேணும், பிள்ளை." அந்த ஒரு சொல்லுக்காகத்தான் போனேன்.

தற்செயலாம்! அரைக்காற்சட்டையும் தொப்பியுமாக நின்ற வெள்ளைக்காரர்களுக்கு நடுவே அம்மா காஞ்சிபுரம் பட்டில். எதிரே மாப்பிள்ளையின் தாயும் காஞ்சிபுரம் பட்டில். இருவர் கையிலும் பொரித்த றோல்ஸ் நிறைந்த டப்பா.

"அட, நீங்களும் வந்திருக்கிறியளே!" என்றார் அந்தத் தாய்.

"ஓமோம், சும்மா காத்து வாங்க வந்தனாங்கள்" என்றார் அம்மா. வெட்கம் கெட்ட நாடகம்.

வாங்குவதற்குக் காற்றே இருக்கவில்லை. ஆறேழு கப்பல்கள் பாய்களை விரித்துக்கொண்டு நகர மனமில்லாமல் நின்றன. அதற்கும் கரையில் ஒரு கூட்டம் கைதட்டியது. வேலைவெட்டியில்லாத சனம்.

மாப்பிள்ளை வீடியோ கமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. "எஞ்சின் பூட்டினா அஞ்சு நிமிசத்தில போட்டி முடிஞ்சிடும்" என்றான். பிறகு வேகமாகப் போன ஒன்றைக் காட்டி, "உதுதான் வெல்லும். நான் அப்பவே நினைச்சனான்" என்றான்.

அது தீவுக்கு ஆள் ஏற்றிப்போகிற ஃபெரி. அதில் பாயே இல்லை.

"உது ஃபெரி. போட்டியில இல்லை" என்றேன். அம்மா என் முழங்கையைக் கிள்ளினார். அவன் கமராவைத் திருப்பாமலே "ஓ" என்றான். இந்த மரமண்டைக்கா நான் கழுத்தை நீட்டுவது?

வீடு வரும்வரை 'இல்லை' என்பதை எப்படியெல்லாம் சொல்லலாம் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம். உள்ளே நுழைந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் தொலைபேசி அடித்தது. அம்மா எடுத்து, "ஓம், ஓம்" என்று கேட்டுவிட்டு மெல்ல வைத்தார்.

"மாப்பிள்ளைத் தம்பிக்குப் பிடிக்கேல்லையாம். பிள்ளைக்கு வாய் கொஞ்சம் கூடவாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும் வந்துதொலைத்தது.

அப்பா பக்கத்தில் வந்து நின்றார். "நீ என்ன சொல்ல இருந்தனீ, பிள்ளை?"

"இல்லையெண்டுதான்" என்றேன்.

"ஓம், ஓம்" என்று என் தலையைத் தடவினார். அவர் நம்பவில்லை.