ஈரக் கையும் கறுப்புத் திரையும்

கிண்ணியாவில் எங்கள் சின்னத் தெருவான ஒழுங்கையின் பெண்கள் நோன்பு மாதத்தில் மதியத் தொழுகையான லுஹருக்குப் பிறகு நஜ்முன் நிஸாவின் விறாந்தையில் கூடுவோம். ஒருவர் குர்ஆன் தமிழாக்கத்தை வாசிக்க, மற்றவர்கள் கேட்பது வழக்கம். வாசிப்பவர் எப்போதும் றுக்கியாதான். என் கணவர் ஜெமீலின் ராத்தா, அதாவது அக்கா; எனக்கு மச்சி. கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நடுவில் யாராவது கதைத்தால் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்ப்பார். வாய் தானாக மூடிக்கொள்ளும்.

போன வருடம் சீனி வருத்தம், அந்த நீரிழிவு, அவருடைய கண்ணைக் கொண்டுபோய்விட்டது. "இந்த முறை நான் வாசிக்கிறன். நீங்க இருந்து கேளுங்க ராத்தா" என்று நஜ்முன் நிஸா அன்பாகத்தான் சொன்னாள். மச்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சும்மா கிடந்து கேக்கிறதுக்கு நான் என்ன மையித்தா?"

தன்னைப் பிணமாக்கிவிட்டார்கள் என்று வீட்டுக்கு வந்து அழுதார். அவருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம் என்றாலும் அன்றிரவே ஜெமீலிடம் ஏதாவது செய்யச் சொன்னேன்.

திருகோணமலை டவுனில் கம்ப்யூட்டர் திருத்தும் ஜெமீல் முதலில் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார். ஆயத்து வசனத்துக்கு நடுவில் ஷாம்பு விளம்பரம் பாடியது. மச்சி போனைத் தூக்கிக் கதிரையில் எறிந்தார். பிறகு ஜெமீல் பழைய லப்டொப் ஒன்றில் வேறொன்றைப் போட்டார். படமில்லை, பொத்தானில்லை, வெறும் கறுப்புத் திரை. சூறா என்ற அத்தியாயத்தின் எண்ணையும் ஆயத்தின் எண்ணையும் தட்டினால் தமிழாக்கம் எழுத்தாக வரும். அதை ஒரு குரல் இயர்போன் வழியாக அவர் காதுக்குள் வாசிக்கும். அந்தக் குரல் எந்த ஊர்த் தமிழும் இல்லை, மரக்கட்டைத் தமிழ். மச்சி அதைக் கேட்டு, தன் குரலில் எங்களுக்குச் சொல்ல வேண்டும். தட்டச்சுக் கைக்கு விசைகள் மறக்கவில்லை. தனக்குப் பிடித்த யூசுப் சூறாவை வைத்தே பழகினார்.

முதல் நோன்பன்று வுளூச் செய்து, முகம் கை கால் கழுவிவிட்டு வந்தார். "இது குர்ஆன் கிதாப் இல்லையே, கம்ப்யூட்டர்தானே மச்சி" என்றேன். கேட்கவில்லை. வுளூத் தண்ணீரைத் துடைப்பது அவர்கள் வீட்டுப் பழக்கமும் இல்லை. முழங்கையிலிருந்து சொட்டச் சொட்ட உட்கார்ந்தார். முதல் சூறாவுக்கு ஒன்றைத் தட்டினார். வரவில்லை. இரண்டு, மூன்று, ஒன்றுமே வரவில்லை. தண்ணீர் எண் வரிசைக்குள் இறங்கியிருந்தது.

நஜ்முன் நிஸாவின் கை கிதாபுப் பக்கம் போனது. மச்சியின் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை.

"பொறுங்க" என்றார் மச்சி. "எண்தான் இல்ல. எழுத்து வேலை செய்யுது."

எண் கொடுக்காவிட்டால் அந்தக் கருவி கடைசியாக விட்ட இடத்தைத் திறக்குமாம். அடுத்த ஆயத்துக்கு ஒரே ஓர் எழுத்துப் போதுமாம். விட்ட இடம் யூசுப் சூறாவின் தொடக்கம். எங்கள் விறாந்தையில் அந்த வருட நோன்பு அண்ணன்மார் கிணற்றில் போட்ட பிள்ளை யூசுபிலிருந்து தொடங்கியது.

வழக்கமாகப் பாதியில் கஞ்சி வைக்க எழுந்து ஓடுகிறவர்கள் அன்று அசையவில்லை. சூறாவில் அந்த மகனுக்காக அழுதழுது கண்ணிழந்த தகப்பன் வந்தார். மகனின் சட்டையை முகத்தில் போட்டதும் அவருக்குப் பார்வை திரும்பும் இடத்தில் மச்சியின் குரல் நின்றது. இதுவும் பழுதாகிவிட்டதோ என்று நினைத்தேன். பழுதில்லை. அவர் அழுதுகொண்டிருந்தார். நாங்களும்தான். கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சிவிட்டு, அதே ஆயத்தை மறுபடி கேட்டு, தெளிவாகச் சொன்னார். கடைசி ஆயத்து வரைக்கும் விடவில்லை.

பின்னால் யாரோ குசுகுசுத்தார்கள். மச்சி அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். வாய் மூடிக்கொண்டது.

அடுத்த நாள் ஜெமீல் புது விசைப்பலகை கொண்டுவந்து பொருத்தினார். நாங்கள் போனபோது நஜ்முன் நிஸா வாசலிலேயே துவாயோடு நின்றாள். மச்சியின் இரண்டு கையையும் பிடித்து, முழங்கை வரைக்கும் அழுத்தித் துடைத்தாள்.

"நோன்பு முடியுமட்டும் இந்தத் துவாய் இஞ்சதான் கிடக்கும் ராத்தா" என்றாள். "துடைச்சிட்டு வாசிங்க."