ஏரிக்குள் இஸ்ரேல் போட்ட இரண்டாவது கோல்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயசான காலத்தில் இவனுக்கு மறை கழன்றுவிட்டது என்பீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் லேத் மெஷின் முன்னால் நின்றவன் நான். எதையும் அளந்து பார்த்துத்தான் ஒத்துக்கொள்வேன். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் இன்றுவரை அளவு கிடைக்கவில்லை.

அறுபத்து நாலாம் வருஷம், கத்திரி வெயில். ஆசியக் கோப்பை ஃபுட்பால் இஸ்ரேலில் நடந்தது. மொத்தமே நாலு நாடு: இஸ்ரேல், இந்தியா, கொரியா, ஹாங்காங். ஒவ்வொருத்தரும் மற்ற மூன்று பேரோடும் ஆட வேண்டும். டெலிவிஷன் இல்லாத காலம். ரேடியோவில் ஒரு வரி சொன்னால் உண்டு, பேப்பரில் போட்டால் உண்டு. அதற்காகச் சும்மா இருக்க முடியுமா? அங்கே ஆடுவதற்கு முன்னால் அதே ஆட்டத்தை நாங்கள் அயனம்பாக்கம் ஏரிக்குள் ஆடிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

நாங்கள் என்றால் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை பார்த்த பையன்கள். எல்லாருடைய அப்பன்களும் அந்த ஏரிப் பாசன நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். பட்டறைச் சங்குச் சத்தத்துக்குக் கட்டுப்பட்ட முதல் தலைமுறை நாங்கள்தான். நாலரைக்குச் சங்கு ஊதினால் ஐந்தரைக்கு ஏரிக்குள் இருப்போம். சித்திரை முடிந்தால் ஏரியில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. வெடித்த தரையில் மண்ணைக் கொட்டிச் சமன் பண்ணி, இரண்டு பக்கமும் பனைமட்டை நட்டால் கோல்.

ஏரிக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. விளக்கு வைக்கிற நேரம் தாண்டினால் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. வடக்குக் கரையை ஒட்டிச் சுடுகாடு. ஏரியிலேயே முழுகிச் செத்தவர்களும் உண்டு. காதில் விழுந்த பேரை அதுகள் பிடித்துக்கொள்ளும், அப்புறம் அந்த ஆளை அந்தப் பேர் சொல்லி அழைக்கும் என்பார்கள். ஃபுட்பாலில் கூப்பிடாமல் எப்படி ஆடுவது? அதனால் நாட்டுப் பேரால் கூப்பிட்டுக்கொண்டோம். "இந்தியா, இங்க தள்ளு" என்றால் ஏழு இந்தியாவும் திரும்பிப் பார்க்கும். அப்புறம் நெட்டை இந்தியா, கோல் இந்தியா, மூக்கு இந்தியா என்று ஆயிற்று. இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே கரையில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

கோல் இந்தியா என்பவன் என் மச்சான். அரை டிராயர் காலத்திலிருந்து சிநேகிதன், பக்கத்து மெஷின்காரன். முந்தின வருஷம் என் தங்கையைக் கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு பேர் சொல்லிக் கூப்பிட்டால் என் அம்மா முறைப்பாள். நான் ஒழுங்காகத்தான் மச்சான் என்று சொல்லப் பழகினேன், ஆனால் அவசரத்தில் பழைய பேர் வாயில் வந்துவிடும். அவனுக்கு அப்பன் ஆத்தாள் கிடையாது. அடுத்த தெருவில் தனி வீடு. தங்கைக்கு அப்போது ஏழு மாசம்.

முதல் ஆட்டம் கொரியாவோடு. முந்தின நாள் சாயங்காலமே ஏரிக்குள் ஆடி முடித்தோம். இந்தியா இரண்டு, கொரியா பூஜ்யம். மறுநாள் மத்தியானம் பிரதமர் காலமாகிவிட்டார் என்று செய்தி வந்து பட்டறையை மூடினார்கள். டீக்கடை ரேடியோவில் வீணை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடைகள் சாத்தி, பஸ் நின்று, ரோட்டில் நாய்கூட இல்லை. அடுத்த நாளும் லீவு. அன்றைய பேப்பர் முழுக்கக் கறுப்புக் கட்டம். உள்பக்கம் ஒரு மூலையில் இரண்டு வரி: இந்தியா கொரியாவை 2-0 கணக்கில் வென்றது.

அதைப் படித்த நெட்டை இந்தியாவுக்குக் கை மயிர் நட்டுக்கொண்டது. "இன்னா அண்ணாத்தே, நாம ஆடுனா மாதிரியே கீதே" என்றான். எனக்கும் ஒரு மாதிரி இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் இஸ்ரேல் ஆட்டம். சீட்டுக் குலுக்கியதில் நான் இஸ்ரேல். துக்க நாளில் ஆட வேண்டாம் என்றான் ஒருத்தன். ஆடாவிட்டால் அங்கே என்ன ஆகுமோ என்றான் இன்னொருத்தன். கடைசியில் எல்லாரும் என்னிடம் வந்தார்கள். "வுட்டுக் குடு மாமே. இங்க இந்தியா தோத்தா அங்கயும் தோத்துடும்." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பித்துக்குளித்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? விட்டுக்கொடுத்து ஆடுகிற ஆட்டம் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, வேண்டுமென்றே வெறியோடு ஆடினேன்.

முதல் பாதியில் ஒரு கோல் போட்டேன். இரண்டாம் பாதியில் மச்சான் வடக்குக் கோலுக்குப் போனான். அவன் பின்னால் கரை, கரைக்குப் பின்னால் சுடுகாடு. எத்தனை அடித்தாலும் பிடித்தான். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. புழுதியில் யார் எந்த நாடு என்று தெரியவில்லை. கரையிலிருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

நான் பந்தோடு தனியாக வந்துவிட்டேன். அவன் கையை விரித்துக்கொண்டு முன்னால் வந்தான். அப்போது செய்தேன் அந்தக் காரியத்தை. அடி வயிற்றிலிருந்து அவன் பேரைச் சொல்லிக் கத்தினேன். அவசரத்தில் வந்தது இல்லை. அவன் திடுக்கிட வேண்டும் என்றே கத்தினேன்.

அவன் திடுக்கிட்டான். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. முழுசாகத் திரும்பி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கரையைப் பார்த்து நின்றான். பந்து அவன் காலோரம் உருண்டு உள்ளே போயிற்று.

யாரும் கோல் என்று சொல்லவில்லை. மச்சான் மெதுவாகக் கேட்டான். "என் பேரச் சொன்னது யாரு?"

"கரையாண்ட இருந்து கேட்டுச்சு" என்றான் மூக்கு இந்தியா. மற்றவர்களும் அப்படித்தான் என்றார்கள். கத்தினவன் நான். என் தொண்டை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நான்தான் என்று அங்கேயே சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எல்லாரும் சேர்ந்து உதைத்திருப்பார்கள், அவ்வளவுதான். வாயைத் திறக்கவில்லை. மச்சான் பந்தை எடுக்கக் கரைப் பக்கம் போனான். திரும்பி வர நேரமாயிற்று. அவன் கையிலிருந்து வாங்கியபோது பந்து ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையிலேயே அவனுக்குக் காய்ச்சல். பூந்தமல்லியிலிருந்து டாக்டர் வந்து ஊசி போட்டார். காய்ச்சல் இறங்கியது, ஆள் தெளியவில்லை. கஞ்சி இறங்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தான், அவ்வப்போது "யாரு?" என்று மட்டும் கேட்டான். அதற்கடுத்த நாள் பேப்பரில் வந்தது: இஸ்ரேல் இரண்டு, இந்தியா பூஜ்யம். பட்டறையில் ஒருத்தரும் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாளிலிருந்து அந்த "யாரு?"வும் நின்றுவிட்டது. தங்கை என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். "அண்ணா, மெய்யா சொல்லு. ஏரிக்குள்ள அவர யாருனா பேர் சொல்லி கூப்ட்டாங்களா?"

"இல்லியே" என்றேன். எட்டு மாசத்தைத் தொடப்போகிற வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தங்கையிடம் இப்படி ஒரு பொய். இப்போது நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவள் போகவில்லை. "அம்மா சொல்லுது. கூப்ட்டவங்களே உச்சி வெயில்ல வாசல்ல நின்னு மூணு வாட்டி கூப்டணுமாம். உள்ள படுத்துகினு கீறவரு வரேன்னு சொன்னா பொழச்சிப்பாராம். வேற யாரு கூப்ட்டாலும் ஆவாதாம். கூப்ட்டது யாருன்னே தெர்லியே, நான் யார் கால்ல போய் வியறது?"

அன்று ராத்திரி முழுக்க எனக்கு நானே வாதம் பண்ணினேன். ஒரு பேரைக் கத்தினால் மனுஷனுக்குக் காய்ச்சல் வருமா? வராது. கூப்பிட்டால் போகுமா? போகாது. அப்படியானால் போய்க் கூப்பிடுவதில் உனக்கு என்னடா நஷ்டம்? பயம்தான். தங்கைக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்.

மறுநாள் மத்தியானம் பட்டறையிலிருந்து பாதியில் கிளம்பிப் போய் அவன் வீட்டு வாசலில் நின்றேன். தெருவில் என் நிழல்கூட இல்லை. பேரைச் சொன்னேன். குரல் எழும்பவில்லை. மறுபடி சொன்னேன். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றது. மூன்றாவது தடவை ஏரிக்குள் கத்தின மாதிரியே கத்தினேன்.

"தோ வரேன்" என்று உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது. தெளிவாக, சத்தமாக. கொஞ்ச நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு அவனே வாசலுக்கு வந்தான், வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினான், பசிக்கிறது என்றான். அவன் பின்னால் தங்கை நின்றாள். என்னையே பார்த்தாள். அன்றைக்கு அவள் என்னை நாலு அறை விட்டிருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும்.

அவன் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தபோது பேப்பரில் வந்தது, இந்தியா ஹாங்காங்கை 3-1 என்று ஜெயித்து இரண்டாம் இடம். அந்த ஆட்டத்தை ஏரிக்குள் யாருமே ஆடவில்லை. பார்த்தாயா, எல்லாம் தற்செயல் என்று எனக்கு நானே சொல்லி நிம்மதியானேன். பிள்ளை பிறந்தது. மச்சான் பழையபடி வேலைக்கு வந்தான். கொஞ்சம் பேச்சு குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ஆசியக் கோப்பை வந்தது. எதிலும் இந்தியா இல்லை. எழுபத்தாறிலும் அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வீட்டில் பேப்பரைப் பார்த்துவிட்டு நான்தான் ஆரம்பித்தேன். பன்னிரண்டு வருஷமாகத் தொண்டையில் நின்றதைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "அன்னிக்கி ஏரிக்குள்ள கத்துனவன் நான்தான் மச்சான். மன்னிச்சிடு."

"தெரியும்" என்றான். "வாசல்ல வந்து கூப்ட்டியே, அப்பவே தெரியும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரித்துச் சமாளித்தேன். "நல்லவேளை, மூணாவது வாட்டிக்கு வரேன்னு சொன்னே. நீ சொல்லலன்னா என் தங்கச்சி கதி இன்னா ஆயிருக்கும்."

அவன் பேப்பரை மடித்து வைத்தான். "நீ கூப்ட்டது மூணும் கேட்டுச்சு. பதில் சொல்லணும்னு பாத்தேன், நாக்கு பெரளல. பக்கத்துல யாரோ தோ வரேன்னு சொன்னாங்க. அப்பால நான் எழுந்து வந்தேன்." மடித்த பேப்பரை என் பக்கம் தள்ளினான். "அது நான் சொல்லல மாமே."

உள்ளேயிருந்து என் தங்கை, "இன்னாங்க, சோறு போட்டாச்சு" என்றாள். அவள் புருஷன் பேரைச் சொல்லமாட்டாள், பிள்ளைகளுக்கு அவன் நைனா. அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட உறவில் இருந்தவன் நான் ஒருத்தன்தான். அவன் எழுந்து உள்ளே போனான். நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் அவன் செத்த அன்றுகூட, 'தோ வரேன்' என்று எது குரல் கொடுக்குமோ என்று பயந்து, நான் அந்தப் பேரைச் சொல்லி அழவில்லை.