சாயாமல் நிற்கும் உறை

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவதுதான் அவர் பார்த்த வேலை. சோதிக்காத எதற்கும் அவர் முத்திரை வைத்ததில்லை. ஓய்வு பெற்று, மனைவியும் இறந்த பிறகு, மூன்றாவது மாடி வீட்டில் தனியாக இருந்தார். ஒரே மகள் வெளிநாட்டில்.

அவளோடு முகம் பார்த்துப் பேசும் டேப்லெட்டுக்குக் கையால் தைத்த தோலுறை ஒன்று வாங்கினார். நிமிர்த்தி வைத்தால் குப்புற விழுந்தது. குறையை எழுதிச் சொன்னார். தைத்த பெண், பின்பக்கம் தடித்த பட்டை வைத்துப் புதிதாகவே ஒன்று தைத்து அனுப்பினாள். "வீடியோ கால்ல எப்படி நிக்குதுன்னு மதிப்புரை எழுதுங்க சார்" என்றும் கேட்டிருந்தாள்.

சாப்பாட்டு மேசையில் நிறுத்தினார். நின்றது. ஆனால் மகளிடமிருந்து அழைப்பு வரவில்லை. தொந்தரவாகிவிடுமோ என்று அவராக அவளை அழைத்ததே இல்லை. வாரம் ஒன்று ஓடியது. பார்க்காததை எழுத அவருக்குக் கை வரவில்லை. கடைசியில் தானே அழைத்தார்.

"என்னப்பா, உடம்புக்கு ஏதாவதா?" என்று மகள் பதறினாள்.

"ஒண்ணுமில்லம்மா. உறை நிக்குதான்னு பாக்கணும்."

"எனக்கு வேலை இருக்குப்பா. ஆனா கட் பண்ணாதீங்க, அப்படியே இருக்கட்டும்."

திரையில் அவளுடைய காதும் பாதிக் கன்னமும் தெரிந்தன. அவள் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. அவர் தட்டைக் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிட்டார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மதிப்புரையை அன்றே எழுதி அனுப்பிவிட்டார். அடுத்த வாரமும் மகளை அழைத்தார். சோதனை முடிந்துவிட்டது என்று மட்டும் அவளிடம் சொல்லவில்லை.